பூஜ்ஜியத்தில் தொடங்காதவர்கள்

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் ‘உடைப்பு மிஸ்’. அவள் எதையும் போட்டு உடைத்தவள் அல்ல. உடைப்பதற்கு அந்த லேப்பில் பெரிதாக எதுவும் மிச்சமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் என்டர் பட்டன் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. அந்தக் குழிக்குள் பென்சிலை விட்டு அழுத்த வேண்டும். இன்னொன்று பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் கண் விழிக்கும். மூன்று பேருக்கு ஒரு மெஷின். நடுவில் உட்கார்ந்தவன்தான் ராஜா, மற்ற இருவரும் மந்திரிகள்.

பெயர் வந்தது வெள்ளிக்கிழமை வகுப்பால். அன்றைக்குப் புதுப் பாடம் கிடையாது. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் உடைக்க வேண்டும், அவ்வளவுதான். வயது கேட்டால் முந்நூறு என்று கொடு. பெயர் கேட்டால் ஒன்றும் கொடுக்காமல் என்டரைத் தட்டு. எண் கேட்டால் எழுத்தைப் போடு. எங்கே விழுகிறது என்று பார், ஏன் விழுந்தது என்று சொல், எழுதியவன் கூடவே உட்கார்ந்து சரிசெய். முதல் சில வாரம் அடிதடி வரைக்கும் போனது. அப்புறம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. தன் புரோகிராமை யாராலும் உடைக்க முடியவில்லை என்பதற்காகவே ஒருவன் ஒரு வாரம் முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்.

அவளுக்கு முன்பு இருந்தவர் கைடைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கைடில் ஓர் இடத்தில் அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி அச்சாகிவிட்டிருந்தது. அந்தக் காற்புள்ளியையும் சேர்த்துத்தான் வருஷா வருஷம் மனப்பாடம் செய்தார்கள். அந்தப் புரோகிராம் ஓடாது என்பது யாருக்கும் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

தலைமையாசிரியையை எல்லோரும் ‘பெரிய மேடம்’ என்பார்கள். பள்ளி வாசலில் தேர்ச்சி விகிதத்தைப் பேனராகக் கட்டித் தொங்கவிடுவதில் அவருக்குத் தனிப் பிரியம். வெள்ளிக்கிழமைக் கூச்சல் தன் அறை வரைக்கும் கேட்கிறது என்று ஓரிரு முறை ஆள் அனுப்பினார். மார்க் குறையாத வரைக்கும் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று பிறகு விட்டுவிட்டார்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணை மற்றவர்கள் ‘ஐஸ்’ என்று கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா மீன்களை உறைய வைத்துப் பாதுகாக்கிற கோல்டு ஸ்டோரேஜில் வேலை பார்த்தாள். மற்றபடி அந்தப் பெண்ணுக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது, நேராகப் பேசிவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை, கொடுத்த எண்களில் எது பெரியது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் உடைபடுவதற்காக வந்தது. எழுதியது மருந்துக்கடைக்காரரின் மகன். டியூஷனில் சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருந்தான்: பெரியது என்று ஒரு பெட்டி, அதில் முதலில் பூஜ்ஜியத்தைப் போட்டு வை, பிறகு ஒவ்வோர் எண்ணாக வாங்கு, பெட்டியில் இருப்பதைவிடப் பெரிதாக வந்தால் மாற்றிக்கொள். பார்த்தால் பழுதே இல்லாத புரோகிராம்.

ஐஸ் வந்து உட்கார்ந்தாள். மைனஸ் பதினெட்டு, மைனஸ் இருபது, மைனஸ் இருபத்தைந்து என்று தட்டிக்கொண்டே போனாள். அம்மா வேலை பார்க்கும் அறைகளின் வெப்பநிலை அது. திரையில் விடை வந்தது: பூஜ்ஜியம்.

“நான் பூஜ்ஜியம்னு எதுவுமே குடுக்கலயே. இது எங்கருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

மைனஸில் எந்த எண் வந்தாலும் அது பூஜ்ஜியத்தைவிடச் சிறியதுதான்; அதனால் பெட்டியில் போட்ட பூஜ்ஜியம் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். பூஜ்ஜியத்துக்குப் பதில் முதலில் வரும் எண்ணையே பெட்டியில் போட்டுத் தொடங்கினால் போதும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பாகவே இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரரின் மகன் மட்டும் மாறவில்லை. டியூஷன் சார் சொன்னதுதான் பரீட்சையில் வரும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா சொன்னது தப்பவில்லை. பிராக்டிகல் தேர்வில் அதே கேள்வி வந்தது.

வெளியிலிருந்து தேர்வு நடத்த வருபவரை ‘எக்ஸ்டர்னல்’ என்பார்கள். அந்த வருஷம் வந்தவர் வேறொரு பள்ளியின் மூத்த ஆசிரியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். தண்ணீர் பாட்டிலையும் சிவப்புப் பேனாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். யாரையும் அதட்டவில்லை. பிள்ளைகள் எழுதினார்கள், ஓட்டினார்கள், விடை காட்டினார்கள், போனார்கள். முகமெல்லாம் தெளிவாக இருந்தது. லேப் காலியானதும் அவர் தேர்வுத்துறை அனுப்பிய முத்திரையிட்ட உறையிலிருந்த ‘கீ’யை, அதாவது விடைக்குறிப்பை, பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தார். சிவப்புப் பேனா ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் நின்று சுழிப்பதை டீச்சர் கவனித்தாள். ஐஸின் தாளில் சுழித்தது. அதற்கடுத்த தாளிலும் சுழித்தது. மருந்துக்கடைக்காரரின் மகனுடைய தாளில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போனது.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். பெட்டியில் பூஜ்ஜியத்தைப் போட்டுத் தொடங்கினால் இத்தனை மார்க், அடுத்த படிக்கு இத்தனை என்று கீயில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை. ஆகவே அந்தப் படியும் போச்சு, அதை ஒட்டிய படியும் போச்சு. முக்கால்வாசிப் பேருக்குப் பாதி மார்க்.

“சார், இவங்க எழுதினது தப்பில்லையே. ஓட்டிப் பாருங்க.”

“ஓடுதும்மா. ஓடலைன்னு யார் சொன்னா? கீயில பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கணும்னு இருக்கு.”

அவள் போய் மருந்துக்கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருந்த மெஷின் முன்னால் அமர்ந்தாள். அவனுடைய புரோகிராம் இன்னும் திறந்தே இருந்தது. மைனஸ் எண்களாகத் தட்டினாள். பூஜ்ஜியம் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள். தான் கொடுத்ததில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். புரியாதவர் அல்ல. இதே மாதிரி வேறு வழியில் எழுதிய ஒரு பையனுக்கு முன்னொரு வருஷம் மார்க் போட்ட கதையைச் சொன்னார். விளக்கம் கேட்டு மெமோ வந்ததாம். அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சமாம். அதோடு கும்பிடு போட்டுவிட்டாராம்.

“கீயை மாத்தற அதிகாரம் எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. கையெழுத்தைப் போடுங்கம்மா, நான் அடுத்த ஸ்கூலுக்குப் போகணும்.”

மார்க் பட்டியலில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது, இன்னொன்று அவளுடையது. அவருடையது ஏற்கெனவே விழுந்திருந்தது.

“கீயை மாத்த எனக்கு அதிகாரம் இல்லதான் சார். ஆனா கையெழுத்து என்னோடது. போட மாட்டேன்.”

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் கலங்கடித்தது. இது வெறும் சம்பிரதாயம் என்றார். பெரிய மேடத்தைக் கூப்பிட்டார். பெரிய மேடம் விரைந்து வந்து, முதலில் சிரித்துப் பேசினார், பிறகு சிரிக்காமல் பேசினார். கையெழுத்து இல்லாத பட்டியல் போனால் மொத்த வகுப்புக்கும் ஆப்சென்ட் என்று விழும், பிள்ளைகள் தலையில் மண்ணை அள்ளிப் போடாதீர்கள் என்றார்.

அந்தச் சொல் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் பயந்ததும் அதற்குத்தான். பாதி மார்க்காவது கையில் இருக்கிறது. தன்னால் அதுவும் போய்விட்டால்? இருந்தும் கை பேனாவை நோக்கிப் போகவில்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், சரியாக எழுதிய பிள்ளைகளைப் பார்த்து நீ தப்பு என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மறுப்பை எழுத்தில் தருகிறேன் என்று மட்டும் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் கணவன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான். சாயங்காலம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே ஆட்சேபணை என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்றான். நியாயமான யோசனைதான். அவளும் அதை யோசிக்காமல் இல்லை.

“நீங்க தினம் எத்தனை ரிப்போர்ட்ல கையெழுத்து போடறீங்க,” என்றாள் அவள். “ஒருத்தருக்கு சுகர் இல்லைன்னு உங்களுக்கே நல்லாத் தெரியுது. இருக்குன்னு அச்சடிச்ச தாளை நீட்டி, போடு, கீழ ஒரு வரி எழுதிக்கோன்னா போடுவீங்களா?”

அவன் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

“மாட்டேன்,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “வேலைக்கு உலை வெச்சாங்கன்னா?”

“வேற வேலை பார்ப்பேன். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, நீ பூஜ்ஜியத்துல ஆரம்பிச்சிருக்கலாமேம்மான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

அன்று சமையலை அவனே பார்த்துக்கொண்டான். அது அவன் பாஷையில் சம்மதம்.

விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. பெற்றோர் திரண்டு வந்தார்கள். பெரிய மேடம் தன் அறையில் பேசலாம் என்றார். டீச்சர் லேப்பில்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பிள்ளைகளும் ஓரமாக வந்து நின்றார்கள்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வெடித்தார். தன் மகன் கீயில் உள்ளபடி எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறான், டீச்சருடைய வீம்புக்கு அவனும் சேர்ந்து பலியாக வேண்டுமா என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். வீம்பு என்ற சொல்லை டீச்சர் தனக்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள், அதனால் கோபம் வரவில்லை. அவருடைய மகனையே அழைத்து, நடந்ததை அவன் அப்பாவுக்குச் சொல்லச் சொன்னாள்.

அவன் அப்பாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“என்னோடதும் ஓடும்ப்பா. சாதா நம்பரா இருந்தா ஓடும். ஃப்ரீசர்ல வெச்சா செத்துடும். அவங்களோடது ஃப்ரீசர்லயும் ஓடும்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் தானே மருந்துகளை ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் காப்பவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்காக மற்றவர்கள் எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை. ஒரு தாய், தங்களுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை என்றும், பாதி மார்க்கே போதும், போட்டு விட்டுவிடுங்கள் என்றும் கெஞ்சினாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது ஐஸின் அம்மா முன்னால் வந்தாள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். அந்த வெயிலிலும் தடித்த கம்பளிச் சட்டையைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

“எனக்கு இந்தக் கம்ப்யூட்டர்லாம் தெரியாது டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம் பொண்ணு சரியா எழுதினாளா, தப்பா எழுதினாளா?”

“சரியா எழுதினா.”

“அப்பப் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் டீச்சர் தேர்வுத்துறை அலுவலகத்துக்குப் போனாள். வரச்சொல்லி ஆணை வந்திருந்தது. வெகுநேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். கீ நிபுணர் குழு தயாரித்தது என்றார். அதைக் கேள்வி கேட்க ஒரு பள்ளி ஆசிரியைக்கு என்ன தகுதி என்பதை மரியாதையான சொற்களில் கேட்டார். அவள் மைனஸ் கதையை முதலிலிருந்து சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. கேள்வித்தாளில் மைனஸ் எண் இல்லையே என்றார்.

“மைனஸ் எண் வராதுன்னும் இல்லையே சார்,” என்றாள்.

“அம்மா, எத்தனையோ பள்ளியில இந்தப் பரீட்சை நடந்திருக்கு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்க ஒருத்தர்தான். தப்பு எங்க இருக்குன்னு நீங்களே யோசிங்க.”

அவள் வெளியே வந்து படியில் நின்றாள். ஒருவேளை நான்தான் தேவையில்லாமல் மூக்கை நுழைத்துவிட்டேனோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நேரத்தில் போன் அடித்தது. எக்ஸ்டர்னல்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. உங்களுடைய பள்ளியை முடித்துவிட்டு வேறொரு பள்ளிக்குப் போனேன் என்றார். அங்கும் சில பிள்ளைகள் முதல் எண்ணில் தொடங்கி எழுதியிருந்தார்கள். சுழிக்கப் போனால் பேனா நகரவில்லை.

“ரிடையர் ஆகப்போற நேரத்துல எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு என் வீட்டம்மா திட்டறா,” என்றார். “இருந்தாலும் அங்க நான் கையெழுத்து போடலம்மா. எனக்குத் தெரிஞ்ச வாத்தியாருங்க கிட்டயும் சொல்லியிருக்கேன். ரெண்டு மூணு பேர் அவங்க ஸ்கூல்லயும் இதே தகராறுன்னாங்க. பயந்துக்கிட்டு போட்டுட்டாங்களாம். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கறோம்ங்கறாங்க.”

டீச்சர் போனை வைத்தாள். இறங்கிய படிகளில் திரும்ப ஏறினாள். வாசலில் இருந்த உதவியாளர், ஐயா வேறு வேலையாக இருக்கிறார் என்று தடுத்ததையும் பொருட்படுத்தாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், ஒருத்தர்தான்னு சொன்னீங்க. இப்ப அப்படி இல்ல. நாளைக்கு இன்னும் கூடும். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பல பள்ளிகளிலிருந்து தேர்வுத்துறைக்கு ஆட்சேபணைகள் ஒவ்வொன்றாக வந்தன. வாரம் முடிவதற்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த முறையில் எழுதியிருந்தாலும், எல்லா எண்களுக்கும் விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம் என்று இருந்தது. கீ தவறு என்று எங்கும் இல்லை. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என்று ஆரம்பித்து, அத்தோடு முடித்துக்கொண்டார்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கியவர்களுக்குக் கொடுத்த மார்க்கையும் யாரும் பிடுங்கவில்லை. டீச்சருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. சொல்லிக் கொடுத்ததை எழுதிய பையனைத் தண்டித்து என்ன ஆகப்போகிறது? எக்ஸ்டர்னல் திரும்ப வந்து தாள்களைத் திருத்தினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது வெள்ளிக்கிழமை வகுப்பைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டு போனார்.

டீச்சருக்கு மட்டும் மெமோ வந்தது. தேர்வுப் பணிக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் தர வேண்டும், நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவள் விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பெரிய மேடத்திடம் கொடுத்தாள். பெரிய மேடம் இரண்டு முறை படித்தார். கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

“இங்க வருந்துகிறேன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க டீச்சர். அத்தோட ஃபைலை மூடிடுவாங்க. ஒரு வார்த்தைதானே.”

“அந்த வார்த்தையைத்தான் மேடம் என்னால போட முடியல. வருத்தமா இருந்தா போட்டிருப்பேன்.”

பெரிய மேடம் பெருமூச்சு விட்டார். பிறகு, அவள் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, அந்தக் காகிதத்தில் அப்படியே குத்தி, மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய கடிதங்களின் தட்டில் வைத்தார். இந்தப் பிடிவாதம் என்றைக்காவது உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று மட்டும் சொன்னார். அதில் பாதி கோபம், பாதி வேறு என்னவோ.

வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் மேலிடம் சும்மா விடவும் இல்லை. இனி தேர்வுப் பணியே அவளுக்குக் கிடையாது என்றார்கள். பத்தாம் வகுப்பை அவளிடமிருந்து பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஐஸும் மருந்துக்கடைக்காரரின் மகனும் மேல்வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவிலேயே சேர்ந்தார்கள் என்ற செய்தி வந்தபோது, அவள் ஆறாம் வகுப்புக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பழையவை எல்லாம் அந்தக் குழந்தைகளுக்கு உயரம்.

ஆறாம் வகுப்புக்காரர்கள் அதுவரைக்கும் கம்ப்யூட்டரைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தார்கள். லேப் வாசலிலேயே கும்பலாக நின்றார்கள். முன்னால் நின்ற சின்னப் பெண் சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“மிஸ், சிறு வகுப்பு மாணவர்கள் தொடக்கூடாதுன்னு போட்டிருக்கே.”

“யார் எழுதினது?”

“தெரியல மிஸ்.”

“ஏன் தொடக்கூடாதுன்னு போட்டிருக்கா?”

அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். “இல்ல மிஸ்.”

“அப்ப உள்ள வாங்க,” என்றாள் டீச்சர். “கையைத் துடைச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு பட்டனைத் தொடுங்க.”